முதலில் மச்சம், அப்புறம் முகம்

கண்ணாடியில் படம் எழுதுவது பெரிய வித்தையா என்று மணிமேகலையைக் கேட்டால், "வித்தையெல்லாம் இல்லீங்க, எல்லாத்தையும் பின்னாலிருந்து முன்னால செய்யணும், அவ்ளோதான்" என்பாள். காகிதத்தில் வரைகிறவர்கள் முகத்தை எழுதிவிட்டுக் கடைசியில் பொட்டு வைப்பார்கள். கண்ணாடியில் அது ஆகாது. வண்ணம் பூசுவது பின்பக்கம், பார்ப்பது முன்பக்கம். எதை முதலில் பூசுகிறோமோ அதுதான் பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அதனால் முதலில் பொட்டு, மூக்குத்தி, கன்னத்து மச்சம். அது காய்ந்த பிறகு அதன் மேல் கன்னம். அதற்கும் மேல் பின்னணி. மச்சத்தை மறந்து முகத்தைப் பூசிவிட்டால் மறந்தது மறந்ததுதான், பிளேடை எடுத்துச் சுரண்ட வேண்டும்.

மணிமேகலை பிறந்தது குந்தாரப்பள்ளியில். சந்தை நாளில் மாடுகள் லாரி லாரியாக வந்து இறங்கும் ஊர். அப்பாவுக்கு மாந்தோப்பும் கொஞ்சம் ராகிக் கொல்லையும் இருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஓசூரில் ஒரு மீட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. பைக்கிலும் லாரியிலும் வேகம் காட்டுகிற வட்டம் இருக்கிறதே, அதில் முள் பொருத்துகிற வேலை. இடுக்கியால் முள்ளை எடுத்து, மூச்சை அடக்கி, ஊசி முனை அளவு தண்டில் உட்கார வைக்க வேண்டும். மற்றப் பெண்கள் மத்தியானத்துக்குள் கண் எரிகிறது, கழுத்து வலிக்கிறது என்று புலம்புவார்கள். இவளுக்கு அது விளையாட்டு. கை நடுங்காத பிறவி. இப்போது ஐம்பதை நெருங்குகிறாள், கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள், கணவன் அன்புமணியோடு ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறாள். கை இன்னும் நடுங்குவதில்லை. வாய்தான் வயதோடு வளர்ந்துவிட்டது என்பான் அன்புமணி. அவன் வாய் மட்டும் என்னவாம் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும்.

போன மாசம் அவளைத் தேடித் திருமலை வந்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் கம்பெனி பஸ் ஓட்டியவன், அவள் சிநேகிதி பவளத்தின் புருஷன். பவளம் போய்ச் சேர்ந்து வருஷம் ஆகப்போகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். திருமலை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, கையில் சுருட்டி வைத்திருந்த துண்டைப் பார்த்தே பேசினான்.

"வருஷப் படையலுக்கு அவ படம் ஒண்ணு எழுதிக் குடும்மா. கண்ணாடியில."

"வீட்டுல படம் இருக்கேண்ணே. பதினாறாம் நாளுக்குப் பெருசா போட்டீங்களே."

"அது அவ இல்லம்மா" என்றான் திருமலை.

அவன் சொன்னது நிஜம்தான். காரியத்துக்கு ஸ்டூடியோவில் போட்ட படத்தில் பவளத்தை எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்து, கன்னத்தை உப்பவைத்து, கழுத்தில் அவள் ஆயுசில் போட்டிராத ஆரத்தைப் போட்டிருந்தார்கள். இடது கன்னத்தில் கடுகளவு மச்சம் ஒன்று இருக்கும், அழுக்கு என்று நினைத்து அதையும் துடைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் கையில் கிடைத்தால் செத்தவர்களைக்கூட விடமாட்டான்கள். திருமலை அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டானாம்.

"பாத்தா அவதான்னு தெரியணும், மேகலை. அது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

சரி என்று சொல்லிவிட்டாளே தவிர, மணிமேகலைக்கு அந்த வேலை புதிது. அவள் எழுதியதெல்லாம் மயில், அன்னம், தாமரை, பிள்ளையார். மனுஷ முகம் ஒன்றுகூட எழுதியதில்லை. எழுதப்போகிற முதல் முகம் பவளமா?

பவளம் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அவள் அக்கா புருஷனுக்குக் குந்தாரப்பள்ளி மாட்டாஸ்பத்திரியில் வேலை. அந்த அக்காளோடு வந்தவளை மீட்டர் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். முதல் நாள் பஸ் ஏறும்போது, "ஏட்டி, இந்தப் பஸ்ஸு கம்பெனிக்குத்தான போவும்?" என்று கேட்டாள். நெல்லைத் தமிழை அதுவரை கேட்டிராத வண்டி முழுக்கச் சிரித்தது. மணிமேகலை நகர்ந்து இடம் கொடுத்தாள். அன்றிலிருந்து இடது பக்கம் மூன்றாவது சீட்டு இரண்டு பேருக்கும் பட்டா. சன்னலோரம் பவளம், பக்கத்தில் மணிமேகலை.

அந்த பஸ்தான் இரண்டு பேருக்கும் ஊர், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம். கிருஷ்ணகிரியில் கிளம்பி, குந்தாரப்பள்ளி, சூளகிரி என்று பெண்களை அள்ளிக்கொண்டு ஓசூர் போகும். காலை ஷிப்டு என்றால் விடியுமுன் ஏற வேண்டும். பாதிப்பேர் தலை காயாமல் ஏறி, சூளகிரி தாண்டுவதற்குள் ஜன்னல் காற்றில் காயவைத்து, ஒருத்தி பின்னலை ஒருத்தி போட்டுவிடுவார்கள். தமிழில் ஆரம்பித்த சண்டை தெலுங்கில் முற்றிக் கன்னடத்தில் சமாதானமாகும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் வண்டி முழுக்கச் சாக்லேட். எல்லாரும் தின்றுவிட்டுத் தாளைச் சன்னல் வழியே போடுவார்கள். பவளம் மட்டும் எல்லார் தாளையும் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் நீவி நீவிச் சுருக்கம் எடுப்பாள். பச்சை, சிவப்பு, ஊதா, தங்கநிறம் என்று ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அப்படிச் சேர்த்து வைத்திருந்தாள்.

அதெல்லாம் மணிமேகலைக்காகத்தான். அப்போது ஓசூரில் கண்ணாடிப் படப் பித்து பிடித்திருந்த சமயம். யார் வீட்டுக்குப் போனாலும் டி.வி.க்கு மேலே ஒரு கண்ணாடி மயில் நிற்கும். சனிக்கிழமை மத்தியானம் ஒரு டீச்சரம்மா வீட்டில் வகுப்பு நடந்தது. மணிமேகலை அங்கே போய்க் கற்றுக்கொண்டாள். கறுப்பு டியூபைப் பிதுக்கிக் கோடு இழுக்கும்போது மற்றவர்கள் கோடு புழுவாக நெளியும், இவள் கோடு முடி போல ஓடும். கண்ணாடியின் பின்னால் சாக்லேட் தாளை ஒட்டினால் மயில் தோகை மினுமினுக்கும். கம்பெனியில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும் மணிமேகலை கோடும் பவளத்தின் தாளும் சேர்ந்து ஒரு மயிலாகப் போய் நின்றன.

மயில் வரைந்த வரையில் தொல்லை இல்லை. கண்ணாடியில் இடது வலதாகும், வலது இடதாகும். மயில் கிழக்கே பார்த்தால் என்ன, மேற்கே பார்த்தால் என்ன? ஒரு தடவை கூட வேலை செய்த பெண் ஒருத்தியின் புதுவீட்டுக்குப் பிள்ளையார் எழுதிக் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தால் தும்பிக்கை வலப்பக்கம் வளைந்திருந்தது. அந்தப் பெண்ணின் மாமியார் பார்த்துவிட்டு, "வலம்புரிப் பிள்ளையாராச்சே, ஆசாரமா இருக்கணுமே, இந்த வீட்டுல கருவாடு இல்லாம சோறு இறங்காதே" என்று கலங்கிப்போனாள். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை. கடைசியில் கருவாடு வறுக்கிற நாளில் பிள்ளையார் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்தார்கள். அந்த வீட்டில் பிள்ளையார் துண்டோடு இருந்த நாள்தான் அதிகம். இதைச் சொல்லிச் சொல்லிப் பவளம் பஸ்ஸில் ஒரு மாசம் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மணிமேகலை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். படத்தைப் பட்டர் பேப்பரில் நகல் எடுத்ததும், எடுத்த பக்கத்தில் சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். அந்தத் தாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும், குறி இருந்தால்தான் எது முன், எது பின் என்று புரியும். குறி போட்ட பக்கத்தைக் கவிழ்த்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்து எழுதினால், திருப்பும்போது படம் சரியாக வரும். இருபது வருஷமாக அந்தக் குறி அவளைக் கைவிட்டதில்லை.

பஸ்ஸில் இன்னொரு கண்ணாடியும் இருந்தது. டிரைவர் தலைக்கு மேலே, உள்ளே இருப்பவர்களைப் பார்ப்பதற்கு. சின்னக் கண்ணாடி, ஓரத்தில் ஒரு கீறல், அதில் தினமும் ஒரு முழம் பூ தொங்கும். அது மூன்றாவது சீட்டைப் பார்த்தே சாய்ந்திருப்பதை முதலில் கவனித்தது மணிமேகலைதான். திருமலை அப்போது இளவட்டம். சூளகிரிப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம், நிலத்தில் நிற்க மாட்டேன் என்று வண்டிக்கு வந்தவன். வார்த்தை குறைவு. வண்டி ஓட்டும்போது ஒருநாளும் தலையைத் திருப்பமாட்டான். "டிரைவர் திரும்பினா நாப்பது பேரு உசுரு" என்பான். கண்ணாடி மட்டும் சாய்ந்திருக்கும்.

சொல்வதற்கு என்ன, சில மாசம் மணிமேகலை அது தனக்காகத்தான் என்று நினைத்திருந்தாள். கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஏறினாள். பச்சைச் சேலை ஒன்று இருந்தது, அதை வாரத்துக்கு இரண்டு தடவை கட்டினாள். ஒருநாள் ஏதோ அற்ப விஷயத்துக்கு இரண்டு பேருக்கும் சண்டை. பவளம் முறைத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள். வண்டி சூளகிரி தாண்டுவதற்குள் திருமலையின் கை மேலே போனது, கண்ணாடி பின் சீட்டைப் பார்த்துத் திரும்பியது. மணிமேகலைக்கு வந்த கோபம் கண்ணாடி மேலா, பவளத்தின் மேலா, தலையில் இருந்த கனகாம்பரத்தின் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. இறங்கும்போது, "வரேண்ணே" என்றாள். அண்ணே என்று அவனை முதன்முதலில் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் பவளத்தை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "கண்ணாடி உன் பின்னாலயே சுத்துதுடி" என்று போட்டு உடைத்ததும் அவள்தான். இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தது. அவன் வீட்டில் தெலுங்கு, அவள் வீட்டில் தமிழ், ஊரும் வேறு. கடைசியில் சூளகிரிக் கோயிலில் தாலி கட்டினார்கள். மணவறையில் திருமலை பெண்ணைப் பார்த்துப் பேந்தப் பேந்த முழித்தான். அவள் கன்னத்தையே, எதையோ தொலைத்தவன் மாதிரிப் பார்த்தான். கம்பெனிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மணிமேகலையும் சிரித்தாள். அன்றைக்கு அவள் கொடுத்த ஜோடி மயில் இன்னமும் அந்த வீட்டில் தொங்குகிறது. பிறகு அவளுக்கும் அன்புமணியோடு கல்யாணமாகி, இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருந்தாலும் பண்டிகைக்கு ஒருதரம், மாங்காய்க்கு ஒருதரம் போக்குவரத்து நிற்கவில்லை.

முகம் எழுதுவதற்கு நல்ல படம் ஒன்றுதான் கிடைத்தது. கம்பெனியிலிருந்து கிருஷ்ணகிரி அணைக்குப் போனபோது எடுத்தது. பவளமும் மணிமேகலையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். பவளம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதோ வெடிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். மணிமேகலை பவளத்தை மட்டும் நகல் எடுத்தாள். ஒட்டிக்கொண்டிருந்த தன் தோளை விட்டுவிட்டாள். மாலை போடப்போகிற படத்தில் உயிரோடு இருக்கிறவளின் தோள் இருக்கலாமா?

பிறகு வழக்கம்போலச் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். கை போகவில்லை. பட்டர் பேப்பரில் பவளம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள். அவள் மேல் பெருக்கல் குறியா? ஆளை அடித்துப் போடுகிற மாதிரி? மனசு வரவில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டால் ஆச்சு என்று பேனாவை மூடினாள். அந்த நேரம் பார்த்து சிலிண்டர் வந்தது. போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், மின்விசிறிக் காற்றில் தாள் தரையில் கிடந்தது. எடுத்துத் துடைத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்து வேலையைத் தொடங்கினாள்.

இரண்டு வாரம் அதே வேலை. முதலில் மச்சம் வைத்தாள். பொட்டு, கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி, காதோர முடி. அப்புறம் முகம். அந்தக் கறுப்பும் சிவப்பும் கலந்த நிறத்தைக் கொண்டுவர எத்தனையோ கலந்து பார்த்தாள். சேலைக்கரைக்குப் பின்னால் பவளமே நீவி வைத்த தங்கநிறத் தாளை ஒட்டினாள். பவளம் அவளிடமே விட்டுப்போயிருந்த டப்பாவைத் திறந்ததும் பழைய சாக்லேட் வாசனை வந்தது. பஸ்ஸே வந்து வாசலில் நின்ற மாதிரி இருந்தது, நாலு பேர் ஏறிவிட்டு இன்னும் யாரையோ கூப்பிடுகிற மாதிரி. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அழுதுவிட்டு மறுபடி எழுதினாள். வேலை செய்யச் செய்ய, கண்ணாடிக்குள்ளிருந்து பவளம் பவளமாகவே வந்தாள். அதுதான் வினை. மற்றப் படங்களை எழுதும்போது பின்பக்கத்தில் எல்லாம் மாறித் தெரியும், கண் அதற்குப் பழகியிருக்கும். இந்தத் தடவை பின்பக்கமே அசலாக இருந்தது, அவளோ சிநேகிதியைப் பார்த்த சந்தோஷத்தில் அதை யோசிக்கவே இல்லை. கடைசியில் நீலப் பின்னணி பூசிக் காயவைத்துப் பிரேம் கடையில் கொடுத்தாள்.

பிரேம் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததைப் படையல் அன்று காலையில்தான் பிரித்தாள். குங்குமம் வைத்து எடுத்துப் போகலாம் என்று நினைத்தாள். அன்புமணி காபியோடு எட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தான் கீது. ஆனா பவளம் ஏன் முந்தானைய வலது தோளுல போட்டிருக்குது?"

மணிமேகலை படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். முந்தானை வலது தோளில். மச்சம் வலது கன்னத்தில். வகிடுகூட அந்தப் பக்கம் சரிந்திருந்தது. கண்ணாடியைத் திருப்பி மாட்டலாம் என்றால் பின்பக்கம் முழுக்க நீலம் பூசியாயிற்று. இன்னொன்று எழுத நேரமும் இல்லை.

"சொல்லாம குடுத்துடு. யாரு பாக்கப்போறாங்க?"

"உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. வேற யாருக்குத் தெரியாது?" என்று அவன் மேல் பாய்ந்துவிட்டுப் படத்தை மறுபடி சுற்றினாள். சாக்லேட் தாள் டப்பாவைப் பவளத்தின் மகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தாள், அதையும் பையில் போட்டுக்கொண்டாள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுக மேம்பாலங்கள், புதுக் கம்பெனிகளின் மதில்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஏசி கம்பெனி பஸ்கள் கடந்து போயின. உள்ளே பெண்கள் இருக்கிறார்களா, சண்டை போடுகிறார்களா, பின்னல் போட்டுவிடுகிறார்களா, வெளியே இருந்து ஒன்றும் தெரியவில்லை. அவள் மனசில் ஒரே எண்ணம்தான் ஓடியது. அந்த மனுஷன் கேட்டது ஒன்றே ஒன்று, பார்த்தால் அவள்தான் என்று தெரிய வேண்டும். ஸ்டூடியோக்காரன் மச்சத்தைத் துடைத்தான். நான் இடம் மாற்றி வைத்துவிட்டேன். இதையும் அவர் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டால்?

சூளகிரியில் திருமலை வீட்டில் படையலுக்கு இலை போட்டாயிற்று. திருமலையின் அக்கா வெள்ளையம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மகள் கவிப்ரியா சாமந்தி மாலையைத் தண்ணீர் தெளித்துத் தட்டில் வைத்திருந்தாள். திருமலை வெள்ளைச் சட்டை போட்டு, ஆணி அடித்த சுவருக்குக் கீழே காத்திருந்தான்.

மணிமேகலை உட்காரக்கூட இல்லை. "அண்ணே, தப்பு பண்ணிட்டேன். திட்டுறதுன்னா திட்டுங்க. ஒரு மாசத்துல வேற எழுதிக் குடுத்துடறேன்" என்று சொல்லியபடியே தாளைப் பிரித்தாள்.

கவிப்ரியா முதலில், "அம்மா!" என்றாள். அப்புறம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அம்மாதான்... ஆனா என்னமோ மாதிரி இருக்கே, அத்தை."

வெள்ளையம்மா கரண்டியோடு வந்தாள். "ஏமி இதி? மச்சம் இந்தப் பக்கத்துலயா இருந்துச்சு? முந்தானைய யாராச்சும் வலது பக்கம் போடுவாங்களா? படையல் நாளும் அதுவுமா..." என்று இழுத்தாள். அவளுக்கு ஆச்சரியம் தெலுங்கில்தான் வரும், குறை சொல்வது தமிழில்.

திருமலை சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்தான். படத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கினான், அப்புறம் கொஞ்சம் உயரமாகத் தூக்கினான். சுவர்ப்பக்கம் திருப்பத்தான் போகிறான் என்று மணிமேகலை கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதான் பவளம்" என்றான்.

மணிமேகலை கண்ணைத் திறந்தாள்.

"அஞ்சு வருஷம் நான் இவளத்தான் பாத்தேன். திரும்பிப் பாத்திருக்கேனா ஒரு நாளாச்சும்? எல்லாம் வண்டிக் கண்ணாடியிலதான். மச்சம் இந்தப் பக்கம்தான் இருக்கும். முந்தானை இப்பிடித்தான் இருக்கும்." சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது. "தாலி கட்டறப்ப நேரா பாக்கறேன், மச்சம் அந்தப் பக்கம் கீது. பொண்ண மாத்திட்டாங்களோன்னு ஒரு நிமிசம் வெலவெலத்துப் போயிட்டேம்மா. அவகிட்டச் சொல்லி எத்தன நாள் சிரிச்சிருப்போம். அவ போனதுக்கப்புறம் இந்த மூஞ்சி இனிமே எங்கயும் கிடைக்காதுன்னுதான் நெனச்சிருந்தேன்."

மணிமேகலைக்கு மணவறையில் முழித்த மாப்பிள்ளை நினைவுக்கு வந்தான். இருபது வருஷம் கழித்து அந்த முழியின் காரணம் தெரிந்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

திருமலை இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுதான் குறையுது" என்றான்.

"என்னண்ணே?"

"நீதான். சன்னலோரம் அவ, இந்தப் பக்கம் நீ. சின்னக் கண்ணாடி, உன் தோளு மட்டும்தான் விழும். ஆனா அது எப்பவும் இருக்கும். உன் தோள் இல்லாம ஒரு நாளும் நான் அவளப் பாத்ததில்ல."

"டேய், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் வெள்ளையம்மா. "மாலை போடற படத்துல உசுரோட இருக்கற பொண்ண எழுதச் சொல்றியே!"

மணிமேகலை அக்கா தம்பி இருவரையும் பார்த்தாள். கனகாம்பரம் வைத்த காலத்தில் அந்தக் கண்ணாடியில் தன் முகம் விழுகிறது என்று நினைத்திருந்தாள். விழுந்தது தோள் மட்டும்தானாம். அது அவளுக்கு வலிக்கவில்லை. பவளம் தூங்கி விழுந்ததும், சிரித்துச் சரிந்ததும், திருமணத்துக்கு வீட்டில் சம்மதம் கிடைக்காமல் மூக்கை உறிஞ்சியதும் அந்தத் தோளில்தான்.

"கவி, வீட்டுல பிளேடு இருக்காம்மா?" என்றாள்.

படத்தைத் தரையில் கவிழ்த்து வைத்து, பின் அட்டையின் ஆணிகளைக் கத்தி முனையால் நிமிர்த்தி அட்டையை எடுத்தாள். ஓரத்தில் நீலத்தை மெல்லச் சுரண்டினாள். அவள் கை நடுங்கவில்லை. நீலம் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஒரு தோளின் வளைவும் மேல்கையும் வெறும் கண்ணாடியாகத் திறந்தன. டப்பாவைத் திறந்து, பவளம் நகத்தால் நீவி வைத்த பச்சைத் தாள் ஒன்றைத் தேடி எடுத்தாள். சுரண்டிய இடத்துக்குப் பின்னால் அதை வைத்து, அட்டையை மூடி ஆணிகளை அழுத்தினாள். திருப்பியபோது பவளத்தின் பக்கத்தில் பச்சைச் சேலைத் தோள் ஒன்று மினுங்கியது.

கவிப்ரியா மாலைத் தட்டோடு அப்பாவைப் பார்த்தாள்.

"அதைச் சாமி படத்துக்குப் போடும்மா. இதுக்கு மாலை வேண்டாம்" என்றான் திருமலை.

"மாலை இல்லாத படத்துக்குப் படையலா? ஊர் என்ன சொல்லும்?" என்று வெள்ளையம்மா முணுமுணுத்தாள். முணுமுணுத்தபடியே வடைத்தட்டைக் கொண்டுவந்து இலையில் பவளத்துக்கு இரண்டு வைத்தவள், சற்று நின்று, மூன்றாவதை எடுத்து மணிமேகலை கையில் கொடுத்தாள்.

படத்தை ஆணியில் மாட்டினார்கள். எல்லாரும் கும்பிட்டு நகர்ந்த பிறகும் திருமலை அங்கேயே நின்றான். எட்டிப் பிரேமின் கீழ் ஓரத்தைப் பிடித்து, விரல் அளவு ஒரு பக்கமாகச் சாய்த்தான். ஒரு அடி பின்னால் வந்து பார்த்தான்.

"இப்பத் தெரியறீங்க, ரெண்டு பேரும்" என்றான்.

மணிமேகலை வடையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.